கோட்டுக்குக் கீழே ஒரு கிடா

பெண் வீட்டுக்கு அனுப்பும் ஃபோட்டோவில் இருப்பவர் ஒருவர், நேரில் போய் இறங்குபவர் இன்னொருவர். இது நம்மூரில் இரண்டு தரப்பும் வாய் திறக்காமலே ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஃபோட்டோவில் இருக்கும் முடி நேரில் இருக்காது. நேரில் இருக்கும் தொப்பை ஃபோட்டோவில் இருக்காது. இதை யாரும் மோசடி என்று சொல்வதில்லை (சொன்னால் சேலம் ஜில்லாவில் பாதிக் கல்யாணம் நடந்தே இருக்காது). என் விஷயத்தில் அந்த வித்தியாசம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஃபோட்டோவில் எனக்கு நான்கு கால்கள் இருந்தன.

அதற்கு ஃபோட்டோ எடுத்தவர் காரணமில்லை. நான் எழுதிய புரோகிராம்தான் காரணம்.

சேலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் நான் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலம். சொந்தக்காரர்கள் கண்ணுக்கு நான் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன். அதனால் ஓசி வேலைகள் தேடி வரும். முதலில் வந்தவர் எங்கள் பங்கு ஃபாதர். கோயிலில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறார்கள். பையன், பெண் ஃபோட்டோவை எல்லாம் பழைய ஆல்பத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். இனிமேல் அவரவர் ஃபோனுக்கே படம் போகட்டும் என்றார் ஃபாதர். ஒரே ஒரு நிபந்தனை: எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருவர் படம் பெரிதாகவும் இன்னொருவர் படம் சின்னதாகவும் இருந்தால் அதற்கும் அவரிடமே சண்டைக்கு வருவார்களாம்.

அடுத்து வந்தவர் மேச்சேரியில் ஆடு வளர்க்கும் என் சின்னப்பன் சித்தப்பா. மேச்சேரி ஆடு தெரியுமல்லவா, கொம்பு இல்லாமல், செம்மண்ணில் புரண்டு எழுந்த நிறத்தில் இருக்கும். வாங்க வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் ஃபோனில் ஆட்டைப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பி அவருக்கு விரல் வலி.

"சாமி, ஃபோனத் தொறந்தா ஆடு தெரியோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளையானாலும் ஆடானாலும் வேலை ஒன்றுதான். பெரிய படத்தை வாங்கு, அமுக்கிச் சின்னதாக்கு, கேட்டவர் ஃபோனுக்கு அனுப்பு. எதற்கு இரண்டு புரோகிராம்? ஒன்றே எழுதினேன். வீட்டில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அதை ஓட விட்டேன். அது அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடுகளையும் மணமக்களையும் மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தது.

எழுதியது பைத்தான் மொழியில். அது எழுதச் சுகம், ஆனால் ஒவ்வொரு புள்ளியாகப் படத்தை அமுக்கச் சொன்னால் படுத்துவிடும். அந்த மாதிரிக் கடின வேலைக்கென்றே சி மொழியில் எழுதிய லைப்ரரிகள் (ஆயத்தமாக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்புகள்) இருக்கின்றன, மின்னல் வேகம். பைத்தானிலிருந்து அவற்றைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளலாம். அப்படிப் பத்திரமாகக் கூப்பிடுவதற்கு மற்றவர்கள் எழுதி வைத்த வழிகளும் உண்டு. எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நடுவில் எதற்கு இன்னொரு ஆள், நானே நேராகப் போய் அந்த லைப்ரரியோடு பேசிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன் (அந்த வயதில் நான் தரகர் இல்லாமல் வீடு பார்க்கப் போய் இரண்டு தடவை ஏமாந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்).

பைத்தான் தாய்மாமன் மாதிரி. தப்பு செய்தால் எந்த வரியில், என்ன தப்பு என்று திட்டிவிட்டுத்தான் நிறுத்தும். சி அப்படி இல்லை. ஒரு வார்த்தை பேசாது. புரோகிராம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும், அழக்கூட ஆள் இருக்காது.

முதல் கோளாறு நிறத்தில் வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் லைப்ரரி எதிர்பார்த்தது. நான் தலைகீழாகக் கொடுத்தேன். சித்தப்பா ஃபோன் செய்தார்.

"ஏஞ்சாமி, என்ற ஆட்டுக்கு என்ன சீக்கு? நீலம் பாரிச்சுக் கெடக்குது."

அதைச் சரி செய்தேன். அடுத்தது நினைவகம். படத்தை விரித்து வைக்க லைப்ரரிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். பைத்தானில் வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை, அதுவே கொடுத்துவிடும். சி-யோடு பழகும்போது நாமேதான் கொடுக்க வேண்டும். முதலில் திருப்பிக் கொடுக்க மறந்தேன், கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றது. பிறகு ஞாபகமாக இரண்டு முறை கொடுத்தேன், புரோகிராம் செத்தது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்து, ஒரு டீயும் குடித்தேன். கல்யாண வீட்டு அண்டா மாதிரி ஒரே ஒரு பெரிய இடம். ஆரம்பத்தில் ஒரு முறை வாங்கிக்கொள்வது, திருப்பியே கொடுப்பதில்லை. வருகிற படத்தை எல்லாம் வரிசையாக அதே அண்டாவில் இறக்கி, அமுக்கி, அனுப்பிக்கொண்டே இருப்பது.

எல்லாப் படமும் ஒரே அளவு என்பது ஃபாதரின் நிபந்தனையல்லவா? அகலத்தை ஒன்றாக்கினேன். உயரம் குறைந்த படமாக இருந்தால் கீழே மீதி இடம் வெள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று, புரோகிராம் தொடங்கும்போதே அண்டா முழுக்க வெள்ளை நிறத்தை நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் புரோகிராமைப் புதிதாக ஓட விட்டு, ஒரு படம் போட்டுச் சோதித்தேன். மேலே படம், கீழே பளிச்சென்று வெள்ளை. எனக்கு நானே கை கொடுத்துக்கொள்ளாத குறை.

இந்த இடத்தில் ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சொந்தத்தில் ஒரு குழந்தை கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். புதுச்சத்திரத்துப் பெண், கால்நடை டாக்டர். எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்து, தலை மாறி நின்ற ஒரு கன்றுக்குட்டியை எருமை வயிற்றிலிருந்து எப்படி வெளியே எடுத்தாள் என்பதைக் கையாலேயே செய்து காட்டிக்கொண்டிருந்தாள். அதே கையில் பிரியாணி. சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக இலையை மூடினார்கள். நான் மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். அவளிடம் ஏதாவது பேசியே ஆக வேண்டும் என்று தவித்து, கடைசியில் "தயிர்ப் பச்சடி வேணுங்களா?" என்று கேட்டேன். "வேண்டாங்க" என்றாள். எங்கள் அறிமுகம் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது.

அம்மா ஃபாதரிடம் சொன்னார். ஃபாதர் விசாரித்துவிட்டு வந்தார். ரெஜினா வீட்டுக்கு அதே வாரம் இன்னொரு படமும் போகிறதாம், பேங்க் ஆபீசர் பையன், தலை முதல் ஷூ வரை பளபளவென்று நிற்கும் படம். ரெஜினாவின் அப்பா மரியதாஸ் இரண்டையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார் என்றார் ஃபாதர்.

அம்மா விடவில்லை. அக்கா வீட்டுக்காரரின் கோட்டு எனக்குச் சரியாக இருந்தது. அவருடைய பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. "மேல மட்டும் எடுத்தாப் போதும். கீழ என்ன இருக்குன்னு யார் பாக்கப் போறா?" என்றார் அம்மா. அப்படியே ஸ்டுடியோவில் மேலே கோட்டு, டை, கீழே வீட்டு லுங்கியோடு நின்றேன். இடுப்பு வரைக்கும் படம் விழுந்தது. உயரம் குறைந்த படம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஃபாதர் அவர் ஃபோனில் ஒரு பொத்தானை அழுத்தினார். படங்கள் போயின. நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அம்மா கறிக்குழம்பைக் கொதிக்க விட்டிருந்த நேரம், மரியதாஸிடமிருந்து ஃபோன். அவர், கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக, அதாவது சக்கரமும் அடிச்சட்டமுமாக வரும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்கம்மா, போட்டோ வந்துச்சுங்க. சேஸிஸ் ஒரு கம்பெனி, பாடி வேற பட்டறைன்னு லாரியிலதானுங்க நான் பாத்திருக்கேன். மாப்பிள்ளையில இப்பத்தானுங்க பாக்கறேன்."

அம்மாவுக்கு லாரி தெரியாது. பாடி என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்து, சின்ன வயதிலிருந்தே எனக்கு நல்ல உடற்கட்டு என்று பெருமையாகச் சொன்னார். நீங்களும் ஒருக்கா பாத்துருங்கம்மா என்று சொல்லி, வந்த படத்தை அவர் அம்மாவுக்கே திருப்பி அனுப்பி வைத்தார்.

மேலே நான். கோட்டு, டை, ஸ்டுடியோக்காரர் சொன்னபடி லேசான புன்னகை. கோட்டின் கடைசிப் பொத்தானுக்குக் கீழே ஒரு மேச்சேரிக் கிடா. சித்தப்பா எப்போதும் ஃபோனை நெட்டுக்குத்தாகப் பிடித்துத்தான் படம் எடுப்பார், மேல்பாதி வானமும் வேப்பமரமும், கீழ்ப்பாதியில் ஆடு. அந்த வானத்தின் மேல் நான் வந்து உட்கார்ந்துவிட்டேன். கிடா தலையைத் தாழ்த்திக் கடலைக்கொடி தின்றுகொண்டிருந்தது. அதன் முதுகிலிருந்து நான் முளைத்திருந்தேன். ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி சித்தப்பாவின் கை தெரிந்தது. என்னை யாரோ ஓடிவிடாமல் கட்டிப் பிடித்திருந்தார்கள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது நம்ம சின்னப்பனோட கெடாதானே?" என்றார்.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குச் சற்று முன்னால்தான் சித்தப்பாவின் கிடா அந்த அண்டாவில் இறங்கியிருந்தது. என் குட்டைப் படம் மேல்பாதியை மட்டும் மூடியது, கீழே பழைய கிடா அப்படியே நின்றது. ஆரம்பத்தில் நிரப்பிய வெள்ளை எல்லாம் முதல் படத்தோடு போயே போய்விட்டது. நான் சோதித்தபோதெல்லாம் புரோகிராமைப் புதிதாகத் தொடங்கியதால் இது கண்ணில் படவே இல்லை. மற்றவர்கள் கொடுத்ததெல்லாம் முழுநீளப் படம், அதனால் அதுவரை யாருக்கும் இப்படி நடக்கவில்லை. பேங்க் ஆபீசரின் படமும் எதையும் மிச்சம் வைக்காமல் மூடிக்கொண்டு, ஷூ பளபளக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. (ஒரு பாத்திரத்தை அடுத்த தடவை எடுப்பதற்கு முன் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆம்பளைப் பையனைப் பாத்திரம் கழுவ விடாமல் வளர்த்ததன் பலன் இது என்பது அம்மாவின் பிற்காலக் கருத்து.)

கறிக்குழம்பும் ஆடு என்பதால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பச்சடி வேண்டுமா என்று கேட்டதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அழுகையே வந்தது. அப்போதுதான் அம்மாவின் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. ரெஜினா எழுதியிருந்தாள்.

"கீழ்ப்பாதி நல்ல மேச்சேரிங்க. குளம்பு மட்டும் நெம்ப வளந்திருக்கு, சீவி உடோணும். மேல்பாதியப் பத்தி போட்டோவுல ஒண்ணும் சொல்ல முடியலைங்க. வார ஞாயித்துக்கெழம நேர்ல வரச் சொல்லுங்க."

கூப்பிட்டுவிட்டார்கள் என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். கூப்பிட்டு வைத்துச் சிரிக்கப் போகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு பேங்க் ஆபீசரையும் வரச் சொல்லியிருப்பதாக ஃபாதர் வேறு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அப்போது வெளிநாட்டில் வேலையில் இருந்தார். எங்களோடு பெரியவராக வரவேண்டியவர் சின்னப்பன் சித்தப்பாதான். ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வாசலில் குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. பின்னால் அந்தக் கிடா. குளித்துச் சீவி, என்னைவிடச் சுத்தமாக இருந்தது.

"டாக்டரம்மா குளம்பு சீவோணும்னு சொல்லீருச்சுங்க அண்ணி. போறது போறோம், ஒரே நடையா முடிச்சுக்கலாம்" என்றார் சித்தப்பா.

"நாம பொண்ணு பாக்கப் போறோம் தம்பி" என்றார் அம்மா, ஒவ்வொரு வார்த்தையாக.

"நீங்க பொண்ணப் பாருங்க. பொண்ணு கெடாயப் பாக்கட்டும்."

இதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. முன்னால் சித்தப்பாவும், பழத்தட்டையும் மல்லிகைப் பூவையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் உட்கார்ந்தார்கள். கிடா தனியாக நிற்காது, வளைவில் விழுந்துவிடும் என்று சித்தப்பா சொல்ல, கோட்டும் டையுமாக நான் பின்னால் ஏறினேன். மல்லூர், ஆண்டகலூர் கேட் என்று நாமக்கல் ரோட்டில் எங்கள் ஊர்வலம் போனது. முந்திப்போன பஸ்களில் ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். டோல்கேட்டில் நின்றவர் என்னைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். கல்யாணமா என்று கேட்டார். யாருக்கு என்று கேட்கவில்லை.

புதுச்சத்திரத்தில் வீடும் பட்டறையும் பக்கம் பக்கமாக இருந்தன. பாடி கட்டாத ஒரு லாரி வெறும் சேஸிஸோடு வாசலில் நின்றது. நான் அதைப் பார்க்காத மாதிரி இறங்கினேன். மரியதாஸ் கும்பிட்டு வரவேற்றார். அவருடைய மீசை துடித்ததை நான் கவனித்தேன். அப்போது உள்ளே அவர் மனைவி யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது. பின்னாலேயே ரெஜினா வெளியே வந்தாள்.

மேலே அரக்கு நிறப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கீழே சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ். கையில் குளம்பு சீவும் கத்தரி. எனக்கு அந்த நொடியில் போன உயிர் திரும்பி வந்தது.

"கெடாய இறக்கிப் புடிங்க" என்றாள் என்னிடம். பச்சடிக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிடித்தேன். சித்தப்பா ஓரமாகக் கயிற்றோடு நின்றார். நான் கிடாவுக்கு அந்தப் பக்கமாக நின்று, இரண்டு கையாலும் அதன் முதுகை அணைத்துக்கொண்டேன். அவள் குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கிச் சீவினாள். அம்மா பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே வைத்தார். அவ்வளவுதான், கிடா தலையைத் தாழ்த்தித் திராட்சையைத் தின்ன ஆரம்பித்தது. பெண் வீட்டுக்குக் கொண்டுவந்த பழத்தைத் தின்கிறதே என்று தடுக்கவும் முடியாமல், கையை விடவும் முடியாமல், ஸ்டுடியோவில் சிரித்த அதே சிரிப்பை நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மரியதாஸ் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கண்ணு, இங்க வந்து பாரு" என்று மகளைக் கூப்பிட்டார். "நானும் எத்தனையோ மாப்பிள்ளையப் பாத்துட்டேன். போட்டோவும் ஆளும் ஒண்ணா இருக்கறது இவரு ஒருத்தருதான்."

அவள் போய்ப் பார்த்தாள். கோட்டு, டை, அசட்டுச் சிரிப்பு, குனிந்து தின்னும் கிடா, ஓரத்தில் கயிற்றோடு சித்தப்பாவின் கை. ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். சித்தப்பாவுக்கு எதற்கென்று தெரியாவிட்டாலும் அவரும் சேர்ந்துகொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரம் முழுக்க வராத சிரிப்பு.

சிரித்து முடித்து, இது எப்படித்தான் ஆச்சு என்று அவள் கேட்டாள். நான் பைத்தான், சி என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டு, அண்டாக் கதையைச் சொன்னேன். ஒரே அண்டாவில் எல்லாவற்றையும் இறக்கியது, நடுவில் கழுவாதது, எல்லாம்.

"ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசிய அடுத்த மாட்டுக்குப் போட்டா என்ற வேல போயிருமுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "சரி, கல்யாணத்துக்கு அப்பறம் ஊட்டுல பாத்திரம் கழுவறது நீங்கதான். பழகிக்கோங்க."

எனக்குப் பாத்திரம் என்ற வார்த்தை மட்டும்தான் கேட்டது. அம்மாவுக்குத்தான் அதற்கு முன்னால் இருந்த வார்த்தை சரியாகக் கேட்டது. கண் கலங்கிவிட்டார். மல்லிகைப் பூவை எடுத்து, ஏற்கனவே தலை நிறையப் பூ இருந்த ரெஜினாவுக்கு இன்னும் கொஞ்சம் வைத்துவிட்டார். பேங்க் ஆபீசரை அலைய வேண்டாம் என்று ஃபாதர் வழியாகச் சொல்லிவிட்டார்கள்.

புரோகிராமை அன்றைக்கே சரி செய்தேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அண்டாவை வெள்ளையாக்கும் ஒரே ஒரு வரி. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்கும் ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் என் பெயர் வந்ததும் பின் வரிசையில் யாரோ மே என்று கத்தினார்கள். மூன்றாவது ஞாயிறு ஃபாதரே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அந்தக் கிடாவைப் பிரியாணிக்குக் கொடுக்கக் கூடாது என்பது ரெஜினாவின் உத்தரவு. அது மேச்சேரியில் இனவிருத்திக் கிடாவாகச் சௌக்கியமாக இருக்கிறது, குட்டிகள் ஏராளம். நான் தினமும் பாத்திரம் கழுவுகிறேன். அந்தப் படம் மாமனார் பட்டறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. லாரி எடுக்க வருகிற டிரைவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு என் சௌக்கியத்தை விசாரிக்கிறார்கள்.

ரெஜினாவின் ஃபோனில் என் எண் "மேல்பாதி" என்ற பெயரில் இருக்கிறது. சித்தப்பாவின் எண் "கீழ்ப்பாதி". ஆட்டுக்கு வயிறு உப்பினாலும் குட்டி இருமினாலும் அவர் உடனே அழைத்துவிடுவார். சில நாள் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அழைப்பதுண்டு. அவள் எடுத்துப் பேசுவது கீழ்ப்பாதியிடம்தான்.